கண்ணுக்குள் இருப்பதற்கெல்லாம் தமிழில் என்ன பேர்?

கண்ணுக்குள் என்னென்ன இருக்கிறது என்பது எனக்கு அறுபத்தொன்பதாவது வயதில்தான் தெரிய வந்தது. முதலில் இங்கிலீஷில் சொன்னார்கள். பிறகு மலையாளத்தில் சொன்னார்கள். தமிழில் சொல்வதற்கு அவ்வளவு பெரிய கட்டடத்தில் ஆளில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. கண்ணில் கோளாறு வந்து திகைத்து நிற்கிற வேறு யாருக்காவது உதவட்டும் என்று, நான் சொல்லச் சொல்ல என் மகள் கலாமணி இதை எழுதுகிறாள். பிழை இருந்தால் திருத்திக்கொள், கோபத்தைத் திருத்தாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் பாலக்காட்டுப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையோரத்து மீனாட்சிபுரத்துக்காரன். பேர் பழனிச்சாமி. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம் தீர்ந்தது. ஊரான் மாட்டைக் கறந்து கூலி வாங்கியவன், இன்றைக்கு இருபத்தாறு கறவை மாடு கட்டியிருக்கிறேன். எங்கள் பால் சொசைட்டியில் என் பாலைவிடக் கொழுப்பு ஏறிய பால் கிடையாது. என்மேல் பொறாமைப்படுகிறவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். மாட்டு டாக்டர் வண்டியை விட்டு இறங்குவதற்குள் மாட்டுக்கு என்ன நோவு என்று நான் சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன், ஆனால் காரணத்தோடு சொல்கிறேன். மாட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்தவனுக்குத் தன் கண்ணைப் பற்றி ஒரு மண்ணும் தெரிந்திருக்கவில்லை.

என் இடது கண் முப்பது வயதிலேயே போய்விட்டது. கறக்கும்போது மாடு வாலை வீசியது, வாலில் முள் சிக்கியிருந்தது. கண்ணில் பூ விழுந்துவிட்டது. அதாவது கருவிழிமேல் வெள்ளையாக ஒரு தழும்பு. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் எது இருட்டு எது என்று தெரியும், அவ்வளவுதான். மிச்ச வேலை முழுவதையும் வலது கண்தான் பார்த்தது. வலது கண்ணும் போனால் நான் குருடன். இனிமேல் நான் பயந்தேன் என்று எங்கே சொன்னாலும் இந்த ஒரு வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் காலையில் சொசைட்டி வரிசையில் நிற்கும்போது கண் முன்னால் ஈ பறந்தது. கையால் விரட்டினேன். பின்னால் நின்றவன் சிரித்தான், ஈயே இல்லையாம். மறுநாள் கண்ணோரத்தில் மின்னல் வெட்டியது, வானத்தில் மேகமே கிடையாது. நாலாம் நாள் மூக்குப் பக்கத்திலிருந்து கறுப்புத் துணி ஒன்று மெதுவாக ஏறி வந்தது.

எங்கள் ஊரில் ஐம்பதைத் தாண்டியவனுக்குக் கண் மங்கினால் அதற்கு ஒரே பேர்தான், புரை. அதற்கு ஒரே வைத்தியம்தான், முத்தட்டும் எடுத்துக்கலாம் என்பது. பலாக்காய்க்கும் கண்ணுக்கும் ஒரே கணக்கு. டீக்கடையில் நாலு பேர் என் கண்ணை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு இன்னும் இளசு என்று தீர்ப்பு சொன்னார்கள். நானும் காத்திருந்தேன். பதினோரு நாள். இந்தக் காலத்தில் புரையைக்கூட அப்படி முத்த விட வேண்டியதில்லை என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். எனக்கு வந்ததோ புரையே இல்லை. ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாத வேறொன்று.

பாலக்காட்டில் பார்த்த கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்தவர் உட்காரவே இல்லை. நின்றபடியே கடிதம் எழுதி, எர்ணாகுளம் பக்கத்திலுள்ள பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கே போக வேண்டும் என்றார்.

கலாமணிக்கு மனசில்லை. “கோயமுத்தூரு ஒரு மணி நேரமுங்கப்பா. அங்கத்த டாக்டருங்க நம்ம பேச்சுலயே சொல்லுவாங்க” என்றாள்.

கடிதம் அந்த ஊருக்கு, சர்க்கார் இன்சூரன்ஸ் கார்டும் அங்கேதான் செல்லும் என்றேன். அது பாதிக் காரணம். மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஐம்பது வருசமாக மலையாளம் பேசிப் பிழைத்த என்னை, பாஷைக்குப் பயந்து ஓடுகிறவனாக என் மகளே நினைத்தது எனக்குப் பொறுக்கவில்லை.

அங்கே போனதும் உட்கார வைத்தார்கள். கண் ஆஸ்பத்திரியில் உட்கார வைப்பதற்கும் ஒரு மருந்து உண்டு. பத்து நிமிசத்துக்கு ஒருமுறை சொட்டு விடுவார்கள், கண்ணின் பாப்பா விரிய வேண்டும் என்று. பாப்பா விரிய விரியக் கூடத்தில் இருக்கிற முகமெல்லாம் கரைந்துவிடும். முப்பது நாற்பது பேர் கண்ணை மூடித் தலையை அண்ணாந்து வரிசையாக உட்கார்ந்திருப்போம். ஸ்பீக்கரில் பேர் கூப்பிட்டால் அத்தனை பேரும் ஒன்றாகத் திடுக்கிடுவோம். பிறகு இமைமேல் பசை தடவி ஒரு கருவியை வைத்து உருட்டினார்கள். மாட்டுக்குச் சினை பார்க்கிற ஸ்கேன்தான், அளவு சின்னது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். நல்லவர், அவர்மேல் எனக்குக் குறையில்லை. மேசைமேல் தேங்காய் பருமனில் பிளாஸ்டிக் கண் ஒன்று இருந்தது. அதைச் சுளை சுளையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் பேர் சொன்னார். நடுநடுவே மலையாளம். என் மலையாளம் சந்தையில் மாட்டுப் பல்லைப் பார்த்து விலை பேசுகிற மலையாளம், வில்லேஜ் ஆபீசில் வரி கட்டுகிற மலையாளம். கண்ணுக்குள் இருக்கிற தோலுக்கும் தண்ணிக்கும் அதில் வார்த்தை கிடையாது. கலாமணி பக்கத்தில் இருந்திருந்தால் கேட்டிருக்கலாம். டாக்டரிடம் நானே பேசிக்கொள்கிறேன், நீ போய் டீ குடித்துவிட்டு வா என்று அவளை அனுப்பியவன் நான்தான்.

எல்லாம் சொல்லி முடித்து டாக்டர் “மனசிலாயோ?” என்றார். புரிந்ததா என்று கேட்கிறார்.

“மனசிலாயி” என்றேன்.

எல்லையில் பிழைக்கிற தமிழன் எவனும் செய்கிற தப்பு இது. வில்லேஜ் ஆபீசிலோ பஞ்சாயத்திலோ எதிரே இருப்பவர் மனசிலாயோ என்றால், மனசிலாயி என்றுதான் சொல்ல வேண்டும். இல்லை என்றால் காகிதம் திரும்பி வரும், நாளைக்கு வா என்பார்கள், பக்கத்து மேசைக்காரனிடம், தமிழனுக்கு அவர்கள் வைத்த கேலிப் பேரான பாண்டி என்று சொல்லிச் சிரிப்பார்கள். அதனால் முதலில் மனசிலாயி சொல்லிக் காரியத்தை முடித்துக்கொண்டு, வெளியே வந்து விவரம் தெரிந்தவனிடம் அங்கே என்ன சொன்னார்கள் என்று விசாரிப்போம். அந்த வார்த்தையால் எனக்கு அதுவரை நட்டம் வந்ததே இல்லை. அதே தைரியத்தில் இங்கிலீஷிலும் மலையாளத்திலும் இருந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கவில்லை. கண்ணுக்கு அடியில் ஊசி போட்டு மரக்க வைத்தார்கள். அது வலித்தது, வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பிறகு முகத்தை மூடித் துணி போட்டார்கள், கண்ணுக்கு மட்டும் ஓட்டை. வலி இல்லை, ஆனால் நிழல் தெரிந்தது. என் கண்ணுக்குள் யாரோ நடமாடுகிற மாதிரி கறுப்புக் கம்பிகள் வந்து வந்து போயின. முடிந்ததும் கட்டுப் போட்டுப் படுக்கைக்குக் கொண்டுவந்து, குப்புறப் படுக்க வேண்டும், முகம் கீழேதான் இருக்க வேண்டும் என்று சிஸ்டர் சொன்னார். ராத்திரி பகல் முழுக்க, டாக்டர் சொல்லும் வரைக்கும். சாப்பாட்டுக்கும் கக்கூசுக்கும் மட்டும் எழுந்திருக்கலாம், அப்போதும் தலை குனிந்தபடிதான்.

நான் யாருக்கும் தலை குனிந்தவன் இல்லை. குப்புறப் படுத்தால் நெஞ்சு அடைத்தது, கழுத்து முறிந்துவிடும் போலிருந்தது. ஆபரேஷன் முடிந்துவிட்டதே, இனி எப்படிப் படுத்தால் என்ன, வீக்கம் வற்றுவதற்குச் சொல்கிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும் புரண்டு மல்லாந்துவிடுவேன். கூட இருந்த என் சம்சாரம் சரஸ்வதி கேட்டாள். ஒரு மணி நேரம் குப்புறப் படுத்தால் போதும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார் என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று தெரியாதவன் வேறென்ன சொல்வேன்?

பக்கத்துப் படுக்கையில் செல்லையா என்று ஒருவர். மலைமேல் வண்டிப்பெரியாறில் தேயிலை பாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவருக்கும் என்னுடைய கோளாறுதான், எனக்கு முந்தின நாள் ஆபரேஷன். சொன்னபடி குப்புறக் கிடந்தார். கிடந்துகொண்டே, “அண்ணாச்சி, ஒம்ம குறட்டை மேல பாத்துல்லா போவுது” என்றார். என் படுக்கையில் நடப்பது கண் கட்டியிருந்தவருக்கும் தெரிந்திருக்கிறது.

மூன்றாம் நாள் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணுக்குள் பிரஷர் ஏறியிருக்கிறது, ஒட்டியிருக்க வேண்டியது சரியாக ஒட்டவில்லை, இரண்டு மூன்று நாள் பார்க்கலாம், இல்லாவிட்டால் மறுபடி திறக்க வேண்டும், அப்போது பார்வைக்கு உறுதி சொல்ல முடியாது என்று கலாமணியிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, அன்றைக்கு நான் உங்களிடம் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்கள் என்று மலையாளத்தில் கேட்டார்.

வார்டே கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. ஐம்பது வருசம் சம்பாதித்த மரியாதை அந்த அரை நிமிசத்தில் போய்விட்டது. டாக்டர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் கலாமணியிடம், அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக் கொடுங்கள், எனக்குத் தமிழில் அந்த வார்த்தைகள் தெரியாது என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் நிஜமாகப் பயந்தேன்.

கலாமணி கூட்டுறவு பாங்கில் வேலை செய்கிறவள், நாலெழுத்துத் தெரிந்தவள். போனில் தேடித் தேடி ஒரு தாளில் எழுதிப் படித்தாள். விழித்திரை, விழிவெண்படலம், கதிராளி, விழிப்பின்னீர்.

“இது எந்தூருத் தமிழு அம்மிணி?” என்றேன்.

“புஸ்தகத்துல இப்பிடித்தானுங்கப்பா இருக்குது.”

அதென்ன திரை என்றேன். எனக்கு வந்த நோயே கண்ணில் கறுப்பாகத் திரை விழுந்ததுதான், அதைப் பிய்த்து எறியச் சொல் என்றேன். ஐயோ, அதைப் பிய்யாமல் ஒட்ட வைக்கத்தான் இவ்வளவு பாடும் என்றாள். கதிராளி யார், எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. இங்கிலீஷில் குருடாவதும் அந்தத் தமிழில் குருடாவதும் எனக்கு ஒன்றுதான் என்று கத்திவிட்டேன். அவள் அழுதாள். அழ வேண்டியவன் நான், அழுதது அவள்.

சரசு அதுவரைக்கும் என் கால்மாட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவள். மகளிடம் இரண்டே இரண்டு கேட்டாள். கண்ணுக்குள் என்னத்தை விட்டிருக்கிறார்கள்? கிழிசல் எந்தப் பக்கம்? கேஸ் விட்டிருக்கிறார்கள், கிழிசல் உள்ளே பின்பக்கம் என்றாள் கலாமணி.

சரசு என் தலைமாட்டுக்கு வந்தாள்.

“ஏனுங்க, நம்மூட்டு சாணி கேஸ் தொட்டியில கேஸு எங்கீங்க போயி நிக்குது?”

“மேலதான் நிக்கும். அதுதான டிரம்மைத் தூக்குது” என்றேன். அந்தத் தொட்டியை ஆபீசர் தப்பாக வைத்ததை இடித்துவிட்டு நானே மறுபடி கட்டினவன், எனக்கா தெரியாது?

“அதே கேஸுதானுங்க கண்ணுக்குள்ள. நீங்க மல்லாக்கப் படுத்தா அது முன்னால வந்து சும்மா நிக்கும். குப்புறப் படுத்தா முதுகுப் பக்கமா ஏறிக் கிழிஞ்ச தோலைச் செவுத்தோட அமுத்தும். இதுக்கு என்னத்துக்குங்க இங்கிலீஷு?”

நான் புரண்டு குப்புறப் படுத்தேன்.

இத்தனை நாள் யாரும் சொல்லாததை, தினமும் சாணி கரைத்து ஊற்றுகிறவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். தொட்டியைக் கட்டின எனக்கு அது தோன்றவில்லையே என்பதில் எனக்கு ஏற்பட்ட ஆத்திரம், கண்ணுக்குள் விட்ட கேஸைவிட அதிகமாக இருந்தது. அதையும் இங்கே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அதற்கப்புறம் ஐந்து நாள் குப்புறக் கிடந்தேன். நெற்றிக்கு ஒரு தலையணை, நெஞ்சுக்கு ஒரு தலையணை, மூக்குக்கு நடுவில் சந்து. கட்டில் ஓரத்தில் தலையைத் தொங்கவிட்டால் சரசு கீழே தரையில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டு வாயில் வைப்பாள். டீயைக் குழல் போட்டு உறிஞ்சினேன். கண் தெரியாததால் செருப்புச் சத்தத்தை வைத்தே யார் வருகிறார்கள் என்று சொல்லப் பழகினேன். டாக்டர் செருப்புக்குச் சத்தமே கிடையாது, அதனால் சத்தமில்லாமல் யார் வந்தாலும் டாக்டர்தான் என்று முகத்தை இன்னும் கீழே அமுத்திக்கொண்டேன். கழுத்து வலித்தால் சரசு எண்ணெய் தொட்டு நீவிவிடுவாள். தலையைத் தூக்கினால் தலையில் ஒரு குட்டு வைப்பாள். நாற்பத்தைந்து வருசத்தில் அவள் என்னை அடித்தது அங்கேதான்.

சும்மா கிடக்கிற நேரத்தில் பேர் வைத்தோம். நான், செல்லையா, சரசு மூன்று பேரும் சொல்ல, கலாமணி பழைய தாளுக்குப் பின்பக்கம் எழுதினாள். முன்னால் இருக்கிற மூடிக்கு வாட்ச் கண்ணாடி. அதற்குப் பின்னால் கருவட்டம், அதன் நடு ஓட்டை பாப்பா. பாப்பாவுக்குப் பின்னால் லென்ஸ். புரை வருவது அதில்தான். அதற்கு என்ன பேர் என்று யோசித்தபோது செல்லையாதான் சொன்னார்: “ஆட்டுத்தலைக் கறியில கண்ணைக் கடிச்சா வெள்ளையா ஒரு உருண்டை தட்டுப்படும்லா, அதான் அண்ணாச்சி அது. நான் எத்தனை தின்னிருக்கேன்.” உருண்டை என்றே எழுதினோம். உள்ளே நிரம்பியிருக்கிற கொழகொழப்புக்கு நுங்கு. பின்சுவரில் ஒட்டியிருக்கிற மெல்லிய தோலுக்கு என்ன வைப்பது என்று பெரிய தகராறு. செல்லையா பூச்சு என்றார், சரசு உள்தோல் என்றாள். நான் உள்தோல் பக்கம் சாய்ந்தேன். சுவரில் ஈரம் இறங்கினால் பூச்சு பெயர்வது போல, உள்தோலில் கிழிசல் விழுந்து நுங்குத் தண்ணி அதற்குப் பின்னால் இறங்கினால் அது பெயர்ந்து வந்துவிடும். எனக்கு வந்த நோய் இவ்வளவுதான். இதை முதல் நாளே இப்படிச் சொல்லியிருந்தால் ஒரு மாட்டுக்குக்கூடப் புரிந்திருக்கும்.

செல்லையாவுக்கு வீட்டுக்குப் போகச் சீட்டு கொடுத்தார்கள். இங்கிலீஷில் இருந்தது. சிஸ்டர் அதைப் பார்த்து, இரண்டு மாதம் விமானத்தில் ஏறக் கூடாது என்றார்.

செல்லையா சிரித்தார். “பஸ்ஸுல ஏறவே யோசிக்கிறவன் நானு. பிளேனுக்கு எங்க போவ?” மனசிலாயி என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தார். மத்தியானம் வண்டிப்பெரியாறு பஸ்.

நான் குப்புறக் கிடந்தபடி யோசித்தேன். விமானத்தில் ஏன் ஏறக் கூடாது? உயரப் போனால் கேஸ் பெருக்கும் போலிருக்கிறது. மலையேறுகிற பஸ்ஸில் மிக்சர் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்தவன் நான். ஏலக்காய் மூட்டைக்காரர்களோடு மலைமேல் ஆனைக்கரைக்கு மாடு வாங்கப் போனவன். அப்படியென்றால் செல்லையா ஏறப்போகிற மலை? டாக்டரைக் கூப்பிடு என்று கலாமணியை விரட்டினேன். சிஸ்டர் முனகினார். பரவாயில்லை, கூப்பிடு என்றேன்.

டாக்டர் வந்து, செல்லையா எந்த ஊர்க்காரர் என்று கேட்டார். வண்டிப்பெரியாறு என்றதும் பையைக் கீழே வைக்கச் சொன்னார். கேஸ் முழுக்கக் கரையும் வரைக்கும் மலையேறவே கூடாது, உள்ளே கேஸ் பெருத்துப் பிரஷர் ஏறிக் கண்ணே போய்விடும் என்றார். செல்லையா மலைக்குக் கீழே கோட்டயத்தில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போனார். போகும்போது என் முதுகில் கை வைத்துவிட்டுப் போனார். டாக்டர் அந்தப் பேர் எழுதிய தாளைக் கேட்டு வாங்கிப் போனில் படம் பிடித்துக்கொண்டார். நுங்கு என்றால் என்ன என்று கலாமணியிடம் விசாரித்தாராம். நாலாம் வகுப்புக்காரன் வைத்த பேர்.

குப்புறக் கிடந்த ஐந்தாம் நாள் பரிசோதனையில் உள்தோல் ஒட்டிவிட்டது என்றார். மறுபடி திறக்க வேண்டாம். சரசு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டது எனக்குச் சத்தத்தில் தெரிந்தது. ஆனால் டாக்டர் இன்னொன்றும் சொன்னார். உள்தோலின் நடுவில் ஒரு புள்ளி இருக்கிறதாம், கூர்மையாகப் பார்ப்பதெல்லாம் அதன் வேலை. அது சுவரை விட்டுப் பல நாள் பிரிந்தே கிடந்துவிட்டது. பார்வை வரும், முழுசாக வருமா என்று சொல்ல முடியாது. பதினோரு நாள் டீக்கடைப் பேச்சால் போனது, இரண்டு நாள் என் வாயால் போனது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஊருக்கு வந்தபோது வலது கண்ணில் கலங்கிய தண்ணிக்குள் பார்ப்பது மாதிரிதான் இருந்தது. கேஸ் கரையக் கரையப் பார்வை மேலேயிருந்து கீழே இறங்கும் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியேதான் நடந்தது. நடுவில் படுக்கைவாட்டில் ஒரு கோடு ஆடிக்கொண்டிருக்கும். கோட்டுக்கு மேலே உலகம், கோட்டுக்குக் கீழே கலங்கல். தினமும் காலையில் கட்டுத்தரைக்குப் போவதற்கு முன்னால் சரசு என் எதிரே வந்து நிற்பாள். “இன்னைக்கு எதுவரைக்குமுங்க?” என்று கேட்பாள்.

முதலில் வகிடு தெரிந்தது. அவ்வளவு நரைத்துவிட்டதா என்று நினைத்துக்கொண்டேன். சில நாள் கழித்து நெற்றி, பிறகு பொட்டு, பிறகு புருவம். கோடு அவள் கண்ணில் வந்து நாலு நாள் நின்றுவிட்டது. அந்த நாலு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்றுக் காலையில் கோடு தாடைக்குக் கீழே போய்விட்டது. முழு முகமும் தெரிந்தது. நடுவில் மட்டும் மூக்கு ஒரு பக்கமாக வளைந்து, தண்ணிக்குள் விட்ட கம்பு மாதிரி தெரிந்தது. இது இப்படியே நின்றுவிடலாம் என்று டாக்டர் சொன்னதுதான். இருந்தாலும் ஆத்திரமாக வந்தது. உன் மூஞ்சி கோணலாகத் தெரிகிறது, இனிமேல் எனக்கு எப்போதும் இப்படித்தான் போலிருக்கிறது என்றேன்.

“நேராத் தெரிஞ்ச காலத்துல மட்டும் நின்னு பாத்தீங்களாக்கும்” என்றாள்.

போகாதே, இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நில்லு என்றேன். மாடு கத்துதுங்க என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.